புதியவரையே எழுத வையுங்கள்

புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை சொல்லிக்கொடுக்கும்போது, செய்முறைக் குறிப்பை அவரையே எழுதச் சொல்லுங்கள். சீனியர் படித்துத் திருத்தினால் போதும். பழகிய கைக்குப் பாதிப் படிகள் கண்ணில் படுவதே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் கோவை டீமை எடுத்துக்கொள்ளுங்கள். சாயப்பட்டறைக்குப் போகும் துணி எடை குறைந்து திரும்புவது அங்கே பழையவருக்குச் சாதாரணம், எழுதாமல் விட்டுவிடுவார். புதியவர்தான் "ஏனுங்க, கிலோ கணக்கு இடிக்குதுங்களே?" என்று கேட்பார். குறிப்பில் இருக்க வேண்டியது அந்தக் கேள்வியும் பதிலும்தான்.

சர்வர் படுத்துவிட்டால் பார்க்கிற அவசரக் குறிப்புக்கு மட்டும் இது சரிவராது. அதைப் பழகியவரே எழுதட்டும். சீனியர் வேலையை விட்டுப் போகும் கடைசி வாரத்திலும் இதற்கு நேரம் இருக்காது. அப்போது அவர் வேலை செய்யும் திரையை ரெக்கார்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.