கிராக் போடாமல் ஆட்டோகேட்

கிராக், அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி, இல்லாமலே கணினியில் படம் கீறும் மென்பொருள் பாவிக்கலாம். முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: கீறப்போகும் படம் படிப்புக்கா, காசுக்கா? வழி அதில்தான் பிரிகிறது.

படிப்புக்கென்றால் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட், ரெவிட், பியூஷன் என்ற மூன்று வரைபட மென்பொருள்களும் இலவசம். ஒலுவில் வளாகப் பொறியியல் பீடத்திலோ அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்திலோ படிப்பவர், ஆட்டோடெஸ்கின் கல்விப் பக்கத்தில் கணக்குத் திறந்து, தன் நிறுவனத்தைப் பட்டியலில் தேடித் தெரிவுசெய்ய வேண்டும். உரிமம் ஒரு வருடத்துக்கு. படிக்கும்வரை வருடாவருடம் புதுப்பிக்கலாம்.

விண்ணப்பம் பெயரிலேயே தடுக்கி விழும். கணக்கில் கூப்பிடும் பெயரை அடித்துவிட்டு, முதலெழுத்துகளோடு இருக்கும் மாணவர் அட்டையை ஏற்றினால் இரண்டும் பொருந்தாது. அட்டையில் எப்படியோ கணக்கிலும் அப்படியே எழுதுங்கள். அட்டையில் நடப்பு வருடத் திகதி இல்லையென்றால் அதுவும் சிக்கல். அப்போது பதிவாளர் அலுவலகத்தில், கடிதத் தலைப்பில், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். முழுப்பெயர், நிறுவனப் பெயர், நடப்புக் கல்வியாண்டு, திகதி நான்கும் அதில் இருக்கட்டும். மங்கலாகப் போனில் எடுத்த படம் வேண்டாம், ஸ்கேன் செய்யுங்கள்.

பாகம் சுமையைத் தாங்குமா என்று கணித்துப் பார்க்கும் அன்சிஸ் மென்பொருளின் மாணவர் பதிப்புக்கு இந்தக் கடிதப் பாடெல்லாம் இல்லை. ஆனால் கட்டமைப்புப் பகுப்பாய்வில் மெஷ், அதாவது பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை, 128,000 கணுக்களை (துண்டுகள் சந்திக்கும் புள்ளிகளை) தாண்டினால் தீர்வு ஓடாது. தகைப்பு (ஸ்ட்ரெஸ்) குவியும் மூலைகளில் மட்டும் வலையை நுணுக்குங்கள். பாகமும் சுமையும் சமச்சீர் என்றால் பாதியை மட்டும் மாதிரியாக்கினால் போதும்.

காத்தான்குடியில் ஒருவருக்கு வீட்டுப் பிளான் கீறிக் காசு வாங்கினால் கல்வி உரிமம் செல்லாது. "நானும் ஸ்டூடன்ட்தானே" என்ற கதை அங்கே எடுபடாது. தளப்படத்துக்கு லிப்ரேகேட் என்ற இலவச மென்பொருள் தாராளம், தொழிலுக்கும் காசில்லை. வேறு அலுவலகம் கீறிய படம் என்றால், அதை டிஎக்ஸ்எஃப் 2007 என்ற கோப்பு வடிவில் சேமித்துத் தரச் சொல்லுங்கள். திறந்ததும் நீளம் தெரிந்த ஒரு சுவரை அளந்து பாருங்கள்: 10 அடிச் சுவர் 3048 என்று காட்டினால் படம் மில்லிமீற்றரில், 120 என்றால் அங்குலத்தில். இதைப் பாராமல் அச்செடுத்தால் அளவுத்திட்டம் முழுக்கப் பிழைக்கும்.

முப்பரிமாணத்துக்கு ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள், 2024 நவம்பரில் வந்த 1.0 அல்லது அதற்குப் பிந்தியதை எடுங்கள். பழைய பதிப்புகளில் ஒரு முகத்தை மாற்றினால் பின்னால் கட்டியதெல்லாம் குலைந்துவிடும். ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி கோப்புகளைத் திறக்க, ஓடிஏ என்ற கோப்பு மாற்றியைத் தனியாக நிறுவி, அது இருக்கும் இடத்தை ஃப்ரீகேட் அமைப்புகளில் காட்டவேண்டும்.

வாடிக்கையாளர் ஆட்டோகேட்தான் வேண்டுமென்று நின்றால் ஒரு மாதச் சந்தா எடுத்து, அதன் செலவைக் கூலியோடு சேர்த்துவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் தெரிவை மட்டும் அன்றைக்கே நிறுத்துங்கள்.