ஆன்டெனா பேட்டன்ட் அப்பீல்: எங்கே சறுக்குகிறோம்?

பாளையங்கோட்டையில் இன்னும் சில மொட்டை மாடிகளில், இலங்கை டிவியான ரூபவாஹினி பிடிக்கக் கட்டிய அலுமினிய ஆன்டெனா துருப்பிடித்த கம்பத்தில் சாய்ந்து நிற்கிறது. பின்னால் ஒரு நீளக் குழாய், அடுத்து ஒயர் மாட்டிய குழாய், முன்னால் வரிசையாகக் குட்டைக் குழாய்கள். 1926-ல் ஜப்பானில் யாகியும் உடாவும் உலகுக்குச் சொன்ன அமைப்பு. ‘பிரையர் ஆர்ட்’ என்கிறார்களே, அது வேறொன்றுமில்லை; இப்படி ஏற்கெனவே வெளியே தெரிந்த சங்கதிதான்.

இதே மாதிரி ஓர் ஆன்டெனாவுக்கு பேட்டன்ட் கேட்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஒரு இன்ஜினியரிங் தம்பி வந்தான். “அண்ணாச்சி, இந்தக் குழாய் இடைவெளி ஒரு பேப்பர்லயும் கெடையாது. பெறவு ஏன் தள்ளுனாவ?”

முதல் கோளாறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஒரே ஆவணத்தில் எல்லாம் இருந்தால்தான் புதுமை போகும். அவன் உத்தரவில் இருந்தது வேறு: இரண்டு ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால், துறை தெரிந்தவருக்கு இது தானாகத் தோன்றும் என்ற ‘இன்வென்டிவ் ஸ்டெப்’ மறுப்பு. இவன் எழுதிய அப்பீலோ பக்கம் பக்கமாக ‘புதுசு, புதுசு’ என்றது. அமெரிக்காவில் இஸ்பெல் என்பவரின் டிவி ஆன்டெனா பேட்டன்டும் இப்படித் தெரிந்த அம்சங்களின் சேர்க்கை என்றுதான் ஒரு வழக்கில் செல்லாமல் போனது. அதே பேட்டன்டை வைத்து இன்னொரு கம்பெனிமேல் போட்ட வழக்கில், முழு விசாரணையில் ஒருமுறை தோற்றவர் அதே பேட்டன்டோடு மறுபடி வர முடியாது என்று 1971-ல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சேர்த்ததால் எதிர்பாராத பலன் வந்ததா? அதைத்தான் காட்ட வேண்டும். தம்பி விண்ணப்பத்தோடு கொடுத்த விவரக்குறிப்பில் ‘கெயின் கூடுகிறது’, அதாவது ஒரு திசையில் சிக்னல் பிடிக்கும் திறன் கூடுகிறது என்று ஒரே வரி. எத்தனை டெசிபல், எந்த அலைவரிசையில், எதோடு ஒப்பிட்டு? எல்லாம் லேப் நோட்டில் தூங்குகிறது. முதலில் தாக்கல் செய்ததில் இல்லாததைத் திருத்தம் என்ற பெயரில் நுழைக்க நம் பேட்டன்ட் சட்டத்தின் 59-ம் பிரிவு விடாது.

அப்பீலுக்குக் கெடு, உத்தரவு தேதியிலிருந்து மூன்று மாதம். இந்த அப்பீல்களைக் கேட்டுவந்த வாரியத்தை 2021-ல் கலைத்துவிட்டதால், கிண்டி பேட்டன்ட் ஆபீஸ் உத்தரவுக்கு இப்போது சென்னை உயர் நீதிமன்றம்தான்.

கடைசியாக, “வெளியில யாருக்கும் காட்டுனியாலே?” என்றேன். விண்ணப்பத்துக்கு முன்னால் நாமே வெளியே காட்டிவிட்டாலும் அது பிரையர் ஆர்ட்தான், புதுமை போய்விடும். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி என்றால் 12 மாத சலுகை உண்டு; காலேஜ் எக்ஸ்போவுக்குக் கிடையாது. தம்பி பெருமையாக போனை நீட்டினான். விண்ணப்பத்துக்கு நாலு மாசம் முந்திய யூடியூப் வீடியோ. டேப் வைத்து ஒவ்வொரு இடைவெளியையும் அவனே அளந்து, சென்டிமீட்டரில் சத்தமாகச் சொல்கிறான்.