புல்வெளிக்குத் தண்ணீர் விடும் நேரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். அதிகாலை 4 மணிக்கு மேல் தொடங்கி 7 மணிக்குள், மிஞ்சினால் 8 மணிக்குள் முடிக்க வேண்டும். அப்போது காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏறியிருக்காது, விடும் தண்ணீரில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கும். பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெயில் வந்து இலையைக் காயவைத்துவிடும். இந்தக் கடைசிக் காரணம்தான் பெரியது. வேர் ஈரமாக இருக்க வேண்டும், இலை சீக்கிரம் காய வேண்டும். மணி பார்ப்பதே அதற்காகத்தான்.

இருட்டிய பிறகு ஊற்றுவது

வேலை முடிந்து வந்து ஏழு, ஏழரைக்கு ஹோஸைக் கையில் எடுப்பது பல வீடுகளில் வழக்கம். வெயில் இல்லை, தண்ணீர் வீணாகாது, ராத்திரி முழுக்கப் புல் குடிக்கும் என்பார்கள். வீணாகாது என்பது சரி. ராத்திரி முழுக்கக் குடிக்கும் என்பது சரியல்ல. இருட்டில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்வதால் புல் மிகக் குறைவாகவே தண்ணீர் இழுக்கும். ஏழரைக்கு நனைந்த இலை மறுநாள் வெயில் வரும்வரை காய்வதில்லை, நடுவில் பனியும் சேர்ந்துகொள்ளும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடாமல் ஈரம் இருந்தால் பூஞ்சைக்கு அதுவே தாராளம்.

அடர்த்தியாக வளரும் கொரியன் புல்லில் இது சீக்கிரம் வெளியே தெரியும். விடியற்காலையில் குனிந்து பார்த்தால் இலை நுனிகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளை நூல் படர்ந்திருக்கும். சிலந்திவலை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். சில நாட்களில் அதே இடத்தில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வைக்கோல் நிறப் புள்ளிகள் வரும், பிறகு அவை ஒன்றோடொன்று சேரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, அதே மாலை நேரத்தில் இன்னும் அதிகமாக ஊற்றுவார்கள். நோய் பரவுவதற்கு இதைவிட வசதி வேண்டியதில்லை.

ஆனால் எல்லா மாதத்துக்கும் ஒரே அளவு பயம் தேவையில்லை. மே மாதத்தில் திருச்சி, மதுரைப் பக்கம் இரவுக்காற்றே சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும்போது மாலைத் தண்ணீரால் பெரிய கெடுதல் வருவதில்லை. ஐப்பசி முதல் தை வரை, மழையும் பனியும் உள்ள மாதங்களில்தான் அது ஆபத்து. மாலை தவிர வேறு நேரமே இல்லை என்பவர்கள் 4 மணி வாக்கில் விட்டுவிடுவது நல்லது. இருட்டுவதற்குள் இலை காய இரண்டு மணி நேரமாவது கிடைக்கும். சென்னை, கடலூர் போன்ற கரையோர ஊர்களில் பிற்பகலில் கடல்காற்று வீசும் என்பதால் அந்த நேரத்தில் ஸ்பிரிங்ளரை நம்ப வேண்டாம். பாதித் தண்ணீர் பக்கத்து மதில்சுவரில் போய் விழும். ஆடிக்காற்று காலத்தில் கோவையிலும் இதே கதைதான்.

மதிய வெயில்: தவறான பயம், சரியான காரணம்

மதியம் தண்ணீர் பட்டால் துளிகள் வெயிலைக் குவித்து இலையைக் கருக்கிவிடும் என்று பரவலாக நம்பப்படுகிறது. ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். வழவழப்பான இலைமேல் உட்காரும் துளியால் அப்படிக் கருகுவதில்லை. இலைக்கு மேலே துளியைத் தூக்கிப் பிடிக்கும் ரோமங்கள் உள்ள சில செடிகளில்தான் அது நடக்கக்கூடும்.

புல் கருகுவதைக் கண்ணால் பார்த்தேன் என்பவர்களும் பொய் சொல்வதில்லை. காரணம் பெரும்பாலும் ஹோஸ். வெயிலில் கிடந்த ஹோஸில் தேங்கிய தண்ணீர் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். முதலில் வருவதை வாளியில் பிடித்து ஒதுக்கிவிட்டு, குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகே புல்மேல் திருப்ப வேண்டும். இன்னொரு காரணம் உப்பு. உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர் மதிய வெயிலில் நொடியில் ஆவியாகி, உப்பை மட்டும் இலையில் விட்டுப்போகும். நுனி வெளுத்துக் காயும். ஆர்ஓ மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுநீரை அப்படியே புல்லுக்கு விடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். நல்ல தண்ணீரோடு கலக்காமல் விட வேண்டாம்.

கத்தரி வெயிலில் மதியம் புல் நீலம் கலந்த சாம்பல் நிறமாகி, மிதித்த காலடி அப்படியே பதிந்து நின்றால் அது தாகம். ஓரிரு நிமிடம் தெளித்துக் குளிர வைப்பதில் தவறில்லை. ஆனால் அதையே அன்றைய பாசனமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

நேரம் சரி, அளவு போதவில்லை

காலை ஆறு மணிக்கே எழுந்து ஐந்து நிமிடம் ஹோஸைப் பிடித்துவிட்டு, தினமும் தண்ணீர் விட்டும் காய்கிறதே என்று வருந்துபவர்கள்தான் அதிகம். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 1 லிட்டர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். வேர் இருக்கும் 10 முதல் 15 செ.மீ. ஆழம் நனைய, செம்மண்ணில் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 12 மி.மீ. வேண்டும். அதாவது சென்டுக்கு 480 லிட்டர், ஆயிரம் லிட்டர் டேங்கில் கிட்டத்தட்டப் பாதி.

இப்போது 15 லிட்டர் வாளியை ஹோஸுக்குக் கீழே வைத்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால், 480 லிட்டருக்கு 32 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் விழுந்தது 75 லிட்டர், 2 மி.மீ.கூட இல்லை. மேல்மண் நிறம் மாறும், அவ்வளவுதான். வேரும் ஈரம் இருக்கும் மேல்மட்டத்திலேயே நின்றுவிடும், ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் வாடும். தினமும் கொஞ்சம் விடுவதைவிட வாரத்துக்கு இரண்டு தடவை, கோடையில் மூன்று தடவை, ஆழமாக விடுவதே மேல். கடற்கரை மணலில் ஈரம் தங்காது என்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 8 முதல் 10 மி.மீ. தேவைப்படும்.

ஸ்பிரிங்ளர் இருந்தால் பக்கவாட்டு நேராக உள்ள ஆறு டப்பாக்களை ஆங்காங்கே வைத்து 15 நிமிடம் ஓட்டி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். சராசரி 4 மி.மீ. வந்தால் 45 நிமிடம் ஓட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் 1 மி.மீ. வந்திருந்தால், காய்ந்துபோன மூலை எது என்பதும் தெரிந்துவிடும்.

கரிசல் மண்ணில் இத்தனையும் ஒரே மூச்சில் உள்ளே போகாது, வழிந்து பாதைக்குப் போய்விடும். மூன்றாகப் பிரித்து, நடுவில் முக்கால் மணி நேரம் இடைவெளி விட வேண்டும். பழைய கொரியன் புல்லிலும் இதே சிக்கல் உண்டு. அடியில் சேர்ந்த காய்ந்த தண்டும் வேரும் மெத்தையாகி, தண்ணீரை உள்ளே விடாது. மேடு தட்டிய இடங்களில் தோட்ட வேலைக்கான முள் கரண்டியால் 8 செ.மீ. ஆழத்துக்குக் குத்திவிட்டுத் தண்ணீர் விடுங்கள். விட்டு முடித்து அரை மணி கழித்து நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் இறக்கிப் பார்த்தால் உண்மை தெரியும். ஈரம் உள்ள வரை சுலபமாக இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும்.

டைமரை நம்பி விட்டுவிடுவது

கரண்ட் போய் வந்தால் சில டைமர்களின் கடிகாரம் நின்றுவிடும் அல்லது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதிகாலை 4 மணிக்கு ஓட வேண்டியது இரவு 9 மணிக்கு ஓடும், யாருக்கும் தெரியாது. பேட்டரி வைத்த டைமர் நல்லது. நான்கு பகுதிகளுக்குத் தலா 45 நிமிடம் என்றால் மொத்தம் மூன்று மணி நேரம். 7 மணிக்கு முடிய 4 மணிக்கே தொடங்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு வைக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சுத்திகரித்த கழிவுநீரை விடுபவர்கள், குழந்தைகள் விளையாட வருவதற்குள் புல் காய்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் டைமரை அணைக்க மறப்பது சாதாரணமாக நடக்கிறது. அக்டோபரில் அணைத்துவிட்டு, டிசம்பர் கடைசியில் மண்ணைப் பார்த்து மறுபடி போட்டால் போதும். மார்கழியில் பல இடங்களில் வாரத்துக்கு ஒரு தடவையே தாராளம்.

வேப்பமர நிழலில் உள்ள பகுதிக்கு, திறந்த வெயிலில் உள்ள பகுதியைப் போலவே தண்ணீர் விடுவதும் தவறு. நிழலில் இலை காயத் தாமதமாகும். அங்கே அளவைக் குறைத்து, இலையை நனைக்காமல் ஹோஸைத் தரையோடு வைத்து விடலாம்.

விதியை மீற வேண்டிய இடங்கள்

புதிதாகப் பதித்த புல் பத்தைக்கு, அதாவது மண்ணோடு வெட்டிக் கொண்டுவந்த புல் துண்டுக்கு, அதிகாலை விதி பொருந்தாது. அதற்கு வேர் இன்னும் மண்ணில் இறங்கவில்லை. முதல் இரண்டு வாரம் காலை, மதியம், மாலை நான்கு மணி என்று மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மூலையைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், வராமல் பிடித்திருந்தால் வேர் இறங்கிவிட்டது என்று பொருள். அதன்பிறகு தடவைகளைக் குறைத்து ஆழத்தைக் கூட்ட வேண்டும். தோட்டக்காரர் சொன்ன மூன்று தடவையை ஆறு மாதம் கழித்தும் தொடர்பவர்கள் இருக்கிறார்கள்.

யூரியா போடும் நாளும் விதிவிலக்கு. ஈரமான இலையில் குருணை ஒட்டிக்கொண்டால் கருகும், அதனால் பனி காயும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு சென்டுக்கு 400 கிராமுக்கு மேல் போகாமல், காய்ந்த புல்லில் சீராகத் தூவி, உடனே 5 மி.மீ. அளவுக்கு, அதாவது 200 லிட்டர் தண்ணீர் விடுங்கள். மணி ஒன்பதானாலும் பரவாயில்லை.