ஜெர்மானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்குமுன்

2024 ஜூன் 27 முதல், பழைய குடியுரிமையைத் துறக்காமலேயே தன் குடியுரிமையைப் பெற ஜெர்மனி அனுமதிக்கிறது. பொதுவாக 5 ஆண்டு வசிப்பும் பி1 எனப்படும் இடைநிலை அளவிலான ஜெர்மன் மொழியறிவும் வேண்டும். ஆயினும் தாய்நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள்.

இந்தியர், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, பிறநாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதுமே இந்தியக் குடியுரிமையை இழப்பதால், இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும்; பின்னர் ஓ.சி.ஐ. (இந்திய வெளிநாட்டுக் குடியுரிமை) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பெயரில் குடியுரிமை இருந்தாலும் அதைக் கொண்டு வாக்களிக்கவோ விவசாய நிலம் வாங்கவோ இயலாது. ஊரில் வயல் வாங்கும் எண்ணமுள்ளவர் இதைக் குடும்பத்தாருடன் முன்கூட்டியே பேசிவிடுவது மிக அவசியம். இலங்கையருக்கு இரட்டைக் குடியுரிமை உண்டு. புதியது கைக்கு வருமுன்பே பழையதைத் தக்கவைக்க விண்ணப்பிப்பது நல்லது.

ஏற்கெனவே இவ்வழி சென்றவர்களையும் சந்தியுங்கள். ஜெர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழாவில் ஈழத்தமிழர் பெருமளவில் கூடுவர். எந்த ஆவணத்திற்கு எத்தனை மாதம் ஆனதென்று அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.