விக்கி வாங்கும் முன் குழுச் சாட்டைத் திறந்து பாருங்கள்

எங்கள் குழுவின் முதல் விக்கியை, அதாவது எல்லோரும் எழுதித் தேடிப் படிக்கும் ஆவணத் தளத்தை, தேர்ந்தெடுத்தவன் நான்தான், சொதப்பியவனும் நான்தான். பக்கங்கள் பார்க்க லட்சணமாக இருந்தன, எழுதவும் சுகமாக இருந்தது. ஆறு மாதத்தில் 400 பக்கங்கள் சேர்ந்தன. அப்புறமும் “சர்வர் சான்றிதழை எப்படிப் புதுப்பிப்பது?” என்று குழுச் சாட்டில் என்னைத்தான் கேட்டார்கள். அதற்கான பக்கம் இருந்தது, தேடினால் வரவில்லை.

இரண்டாம் முறை எந்தக் கருவியையும் பார்ப்பதற்கு முன் சாட்டைத் திறந்தேன். மூன்று மாதக் கேள்விகளைப் புரட்டி, 20 கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே, எழுத்துப் பிழையோடு எடுத்து வைத்தேன். கூடவே எங்கள் ஆவணங்களில் 50. பழையது, இரட்டிப்பானது, தலைப்பே சரியில்லாதது எல்லாம் கலந்து. இவற்றை மூன்று கருவிகளின் சோதனைக் கணக்கில் ஏற்றிவிட்டு, புதிதாகச் சேர்ந்த ஒருவரைத் தேடச் சொன்னேன். சரியான பக்கம் முதல் மூன்று முடிவுகளுக்குள் வந்தால் ஒரு மதிப்பெண். நீங்களே உட்கார்ந்து தேடாதீர்கள். எழுதியவருக்குத் தலைப்பு மனப்பாடம், எந்தக் கருவியும் தேர்ச்சி பெற்றுவிடும்.

கேள்விகளில் சில வில்லங்கமானவை கட்டாயம் இருக்கட்டும். ‘எச்ஆர்’, ‘கியூஏ’ மாதிரி ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் வரும் சுருக்கங்கள் ஒன்று. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில், இன்னோடிபி என்ற சேமிப்பு இயந்திரத்தின் முழு உரைத் தேடல், அமைப்பை மாற்றாதவரை, 3 எழுத்துக்குக் குறைந்த சொற்களைத் தேடல் அட்டவணையில் ஏற்றாது. அதை அப்படியே நம்பியிருக்கும் கருவியில் ‘எச்ஆர்’ என்று ஆங்கிலத்தில் தேடினால் பக்கம் சிக்காது. நடுவில் கோடு போட்ட பிழைக் குறியீடுகளையும் தேடிப் பாருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஒன்றையும் ஏற்றுங்கள். அது வெறும் படம், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி இல்லாத கருவிக்கு உள்ளே இருப்பது தெரியாது.

தமிழில் எழுதும் குழு என்றால் இன்னொரு சோதனை. ‘படிவம்’ என்று தேடுங்கள், பக்கத்தில் ‘படிவத்தில்’ என்று மட்டும் இருக்கட்டும். சொல்லின் தொடக்கத்தை வைத்துப் பொருத்தும் தேடல் இங்கே தோற்கும், ‘ம்’ போய் ‘த்’ வந்துவிட்டதே! போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் 12ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கு, சொல்லின் விகுதியை நீக்கிப் பார்க்கும் வேர்ச்சொல் பிரிப்பான் தருகிறது. ஆனால் தரவுத்தளத்தில் இருந்தால் போதாது, கருவி அதைப் பயன்படுத்த வேண்டும். விற்பனையாளரிடம் கேட்டால் “எல்லா மொழியும் ஆதரவு உண்டு” என்பார். தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

விக்கிபீடியாவில் நன்றாகத் தேட முடிகிறதே என்று, அது ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியை நிறுவினால் அதே தேடல் உங்களுக்கு வராது. விக்கிபீடியாவில் சிரஸ்செர்ச் என்ற நீட்சியும், பின்னால் ஒரு தனித் தேடல் இயந்திரமும் ஓடுகின்றன. அதையெல்லாம் பராமரிக்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

அனுமதி குறைந்த கணக்கில் நுழைந்து ‘சம்பளம்’ என்றும் தேடிப் பாருங்கள். பக்கம் திறக்காமல் போனாலும், தலைப்போ இரண்டு வரியோ முடிவுகளில் எட்டிப் பார்த்தால் அந்தக் கருவி வேண்டாம்.

விலை பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான். படிக்க மட்டும் வருபவருக்கும் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கருவியை மாற்ற நேர்ந்தால் பக்கங்களை வெளியே எடுப்பது. டோக்குவிக்கி என்ற கருவி பக்கங்களைச் சாதாரண உரைக் கோப்புகளாகவே வைக்கிறது, தரவுத்தளமே கிடையாது. மற்றவற்றில் படமும் இணைப்பும் உள்ள 10 பக்கங்களை ஏற்றுமதி செய்து திறந்து பாருங்கள். படங்கள் காணாமல் போவது அங்கேதான் தெரியவரும்.

நாங்கள் எடுத்தது மூன்றிலும் அழகு குறைந்தது. 20க்கு 16 வாங்கியது. மீதி நான்குக்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பக்கங்களை யாருமே எழுதியிருக்கவில்லை. முதல் நாள் வேலையாக அவற்றை எழுத உட்கார்ந்தேன்.