கஞ்சா பழசு, பொய் புதுசு: அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் வேலை என்றால் செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது பின்னணியை விசாரித்துத் தரும் பாதுகாப்பு அனுமதி, கட்டாயம். பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். அங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். நிரப்ப வேண்டியது எஸ்.எஃப்-86 என்ற நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஃபார்ம். பலருக்குக் கை நடுங்குவது அதன் 23ஆம் பிரிவில்: கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் பயன்படுத்தியிருக்கிறீர்களா?

'காலேஜில் ரெண்டு மூணு தடவை கஞ்சா இழுத்தேன், யாருக்குத் தெரியப்போகிறது' என்று 'இல்லை'யைத் தட்டிவிடுவதுதான் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் அதுதான். கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவு செய்ய 2017 ஜூனில் அமலுக்கு வந்த விதிமுறைகளில் 13 தலைப்புகள் இருக்கின்றன. போதைப்பொருள் ஒரு தலைப்பு, நேர்மை உள்ளிட்ட நடத்தை இன்னொன்று. பழைய கஞ்சாப் பழக்கம் முக்கியமாகப் போதைப்பொருள் தலைப்பில் வரும். எப்போது, எத்தனை தடவை, எப்போது விட்டார் என்று பார்ப்பார்கள், நாளாக ஆக அதன் கனம் குறையும். 2021 டிசம்பரில் அப்போதைய தேசிய உளவுத் துறை இயக்குநர் அவ்ரில் ஹெயின்ஸ் அனுப்பிய குறிப்பும் பழைய கஞ்சாப் பயன்பாடு மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்றுதான் சொன்னது. ஆனால் மறைத்தால் நேர்மை என்ற தலைப்பும் சேர்ந்துகொள்ளும். கஞ்சா நாலு வருடப் பழசாக இருக்கலாம், பொய்க்குக் கையெழுத்துப் போட்ட தேதி போன மாதம்தானே? தெரிந்தே பொய் சொல்வது மத்தியச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமும்கூட. அதே 23ஆம் பிரிவில் நீங்கள் உண்மையாகச் சொல்லும் பதிலைக் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பைத்தான் யாரும் படிப்பதில்லை.

சரி, 'இல்லை' என்று எழுதியாகிவிட்டது, இனி என்ன? இங்கேதான் அடுத்த சறுக்கல். விசாரணை அதிகாரி நேரில் உட்கார்ந்து ஃபார்மில் கேட்டதையே மறுபடி கேட்பார். அந்த நேரத்தில், அவர் எந்த ஆதாரத்தையும் எடுத்து நீட்டுவதற்கு முன், 'இதைத் தப்பாக எழுதிவிட்டேன்' என்று தானாகச் சொன்னால் விதிமுறையே அதைச் சாதகமாக எடுத்துக்கொள்கிறது. அங்கேயும் 'இல்லை' என்றுவிட்டு, 'உங்கள் பழைய ரூம்மேட் வேறு மாதிரி சொல்கிறாரே' என்று அவர் கேட்ட பிறகு ஒப்புக்கொண்டால் அந்தச் சலுகை போய்விடும். ரூம்மேட், பக்கத்து வீட்டுக்காரர், பழைய மேலதிகாரி என்று ஊரையே கேட்பது அவர் வேலை. 'கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை' என்ற சாக்கைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும்.

'எழுதாதே, நானும் எழுதவில்லை' என்று நண்பர் சொன்னதைக் கேட்டு நடப்பதும் உதவாது. வழக்கறிஞரோ, பாதுகாப்பு நடைமுறைகள் பற்றி ஆலோசனை சொல்வதையே பணியாகக் கொண்டவரோ தவறாக வழிகாட்டியிருந்தால் மட்டுமே அது கணக்கில் வரும்.

அப்புறம், 'எங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரிதானே' என்ற வாதம். கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012இலேயே வாக்கெடுப்பில் அனுமதித்துவிட்டன. ஆனால் கிளியரன்ஸ் தருவது மத்திய அரசு, பார்ப்பது மத்தியச் சட்டம். மாநிலம் கொடுத்த மருத்துவ அட்டையும் இங்கே செல்லாது. பரீட்சை நேரத்தில் நண்பனிடம் வாங்கிப் போட்ட அட்டெரால் (கவனக்குறைபாட்டுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஊக்கமருந்து) மாத்திரை பலருக்கு நினைவிலேயே இருக்காது. இன்னொருவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை எடுத்துக்கொண்டதும் இந்த 23ஆம் பிரிவுக்குள் வரும்.

தேதி சரியாக நினைவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். மாதம், வருடத்துக்குப் பக்கத்திலேயே 'தோராயம்' என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்து எழுதுவதும் ஆபத்து. 'ரெண்டு தடவை' என்று எழுதியது நேர்காணலில் இருபதாக மாறினால், அதையும் மறைத்த கணக்கில் சேர்ப்பார்கள். அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், பின்னால் வேறொரு அரசு வேலைக்கு எழுதும்போது முன்னுக்குப்பின் முரணாக வராது.

இனி பயன்படுத்தும் எண்ணம் உண்டா என்றும் ஃபார்ம் கேட்கும். 'எப்போதாவது பார்ட்டியில்' என்று எழுதினால் அதுவே தகுதிக்குறைவுக்குக் காரணம். விட்டது உண்மையானால், இனித் தொட மாட்டேன், தொட்டால் கிளியரன்ஸை ரத்து செய்யலாம் என்று கையெழுத்திட்ட உறுதிமொழி கொடுக்க விதிமுறையிலேயே இடமுண்டு. அதே கூட்டாளிகளோடு வார இறுதியில் அதே வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் கொடுத்தால் நம்ப மாட்டார்கள். போதைப் பழக்கம் உள்ள கூட்டாளிகளை, இடங்களை விட்டு விலகிவிட்டாரா என்றும் பார்ப்பார்கள்.