ஸுமிமஸென்: எங்கே, எப்படிச் சொல்வது?

ஜப்பான் வேலைக்காக மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மொழி படிக்கிற பலர், ‘ஸுமிமஸென் = மன்னிக்கவும்’ என்று கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி.

‘ஸுமு’ என்றால் தீருதல், முடிதல். அதன் பணிவான வடிவம் ‘ஸுமிமஸு’, மறுத்தால் ‘ஸுமிமஸென்’. நம் ‘தீரவில்லை’ போலவே வினை முன்னால், மறுப்பு கடைசியில். தண்ணீர் தெளிவதும் ‘ஸுமு’தான், எழுத்து வேறு, வேர் ஒன்று என்கின்றன ஜப்பானிய அகராதிகள். கலங்கிய வாவி இன்னும் தெளியாத மாதிரி, உங்களுக்குக் கொடுத்த சிரமம் என் மனதில் இன்னும் தீரவில்லை என்பதே உட்பொருள்.

அதனால்தான் நன்றிக்கும் இது வருகிறது. விழுந்த பேனையை ஒருவர் குனிந்து எடுத்துத் தந்தால் ‘ஸுமிமஸென்’ பொருந்தும், அவர் உங்களுக்காகச் சிரமப்பட்டார். பிறந்தநாள் வாழ்த்துக்கோ பாராட்டுக்கோ இதைச் சொன்னால் ஒட்டாது. அங்கே ‘அரிகதோ கொஸாய்மஸு’.

ஆளைக் கூப்பிடவும் இதே சொல்தான். காத்தான்குடிக் கடையில் ‘நானா’ (அண்ணன்), பஸ்ஸில் ‘தம்பி’ என்று பழகிய வாய்க்கு இது கொஞ்சம் கஷ்டம். முன்பின் தெரியாதவரிடம் உறவுமுறை வேண்டாம். ‘உஸ்’ என்பதும் விரல் சொடுக்குவதும் கூடவே கூடாது. சாப்பாட்டுக் கடையில் நன்றாகக் கேட்கும்படி சத்தமாகவே கூப்பிடலாம். நெரிசலில் விலகி வழிவிடக் கேட்க, ஒரு கையைக் கத்தி போல நிமிர்த்தி முன்னே நீட்டி, தலையைச் சற்றுத் தாழ்த்தி, ‘சொத்தொ ஸுமிமஸென்’ என்பார்கள்.

உச்சரிப்பில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஸு-மி-ம-ஸெ-ன்: ஐந்து தட்டு, ஐந்தும் ஒரே அளவு. மேசையில் விரலால் தட்டிப் பழகுங்கள். ‘சுமிமாசேன்’ என்று நீட்டக் கூடாது, கடைசி ‘ன்’னுக்கும் தனித் தட்டு உண்டு. தூரத்திலிருந்து கூப்பிடும்போது மட்டும் ஜப்பானியரே கடைசியை நீட்டுவார்கள். வேகப் பேச்சில் ‘ஸுஇமஸென்’ என்று காதில் விழும். எழுதும்போது முழுச் சொல்லையே எழுதுங்கள்.

வேலைக்குப் பிந்தினால் காரணத்தை முன்னால் வையுங்கள்: ‘ஒகுரெதெ ஸுமிமஸென்’ (பிந்தியதற்கு மன்னிக்கவும்). செய்து முடிந்த பிழைக்கு ‘ஸுமிமஸென் தெஷித’. வாடிக்கையாளருக்கு நட்டம் வந்துவிட்டதென்றால் இது போதாது, ‘மோஷிவகெ அரிமஸென்’ என்று சொல்லிக் குனிய வேண்டும். ‘கொமென் நஸாய்’ வீட்டுக்கும் கூட்டாளிகளுக்கும். மேலதிகாரியிடம் அது சிறுபிள்ளைப் பேச்சு.

உங்களிடம் ஒருவர் ‘ஸுமிமஸென்’ சொன்னால் ‘இஇஎ’ (இல்லை) என்றாலே போதும்.